கேமரா பார்க்காத மனைவி

(திரைப்படச் சங்கக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் இருந்த தலைப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டபோது "ஒரு இலக்கியக் கூட்டம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். தலைப்பு அப்படி. பாலியல் அடிமைத்தனத்தைத் திரைப்படங்கள் எப்படிக் காட்டுகின்றன, அது ஒரு கல்யாணத்தை என்ன பாடு படுத்துகிறது என்பதை எவ்வளவு தூரம் காட்டுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. சிரிப்பதற்கு நிறைய இடம் உள்ள விஷயம். சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத விஷயமும்கூட.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். இப்படி ஒரு வியாதி நிஜமாகவே இருக்கிறதா? இல்லை, மாட்டிக்கொண்ட பணக்காரர்கள் வக்கீலோடு உட்கார்ந்து கண்டுபிடித்த சாக்கா?

இந்தச் சண்டை மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் ஓயவில்லை. 1977-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில், குடியை விட்டவர்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களைப் பார்த்து, பாலியல் அடிமைகளுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார்கள். 1983-இல் பேட்ரிக் கார்ன்ஸ் எழுதிய 'அவுட் ஆஃப் தி ஷேடோஸ்' என்ற புத்தகம் இந்தப் பேச்சை வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலைத் திருத்தி வெளியிட்டபோது இதைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமோ 2019-இல் ஏற்றுக்கொண்ட தன் புதிய பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அடிமைத்தனம் என்ற தலைப்பில் வைக்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறு என்ற வரிசையில்தான் வைத்தார்கள்.

என்ன அடையாளம் சொல்கிறார்கள்? ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். நிறுத்த முயன்று முயன்று தோற்றிருக்க வேண்டும். குடும்பம், வேலை, உடம்பு எல்லாம் பின்னுக்குப் போயிருக்க வேண்டும். அதில் சுகமே இல்லாமல் போன பிறகும் விட முடியாமல் தொடரலாம். கூடவே இன்னொன்றையும் சொல்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது: "ஐயோ, பாவம் செய்கிறேனே" என்ற குற்ற உணர்ச்சி மட்டும் ஒருவரை வாட்டினால் அது நோய் ஆகாது. ஆசை அதிகமாக உள்ளவரையெல்லாம் நோயாளி ஆக்கிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

சுகமே இல்லாமல் போன பிறகும் என்று சொன்னேன் அல்லவா? பட்டியல் வருவதற்கு முன்பே சினிமா அதைப் பிடித்துவிட்டது. 2011-இல் வந்த 'ஷேம்'. இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன். நாயகன் பிராண்டனாக மைக்கேல் ஃபாஸ்பெண்டர். நியூயார்க்கில் நல்ல வேலை, நல்ல கோட்டு, கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. அலுவலகக் கணினி முழுக்க ஆபாசப் படம். இரவெல்லாம் யாராவது ஒரு பெண். படத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு பெண்களோடு அவன் இருக்கும் காட்சி வருகிறது. உடல்களைக் காட்டிவிட்டுக் கேமரா அவன் முகத்துக்குப் போகிறது. அங்கே என்ன இருக்கிறது? இன்பமா? பல் பிடுங்க உட்கார்ந்தவன்கூட அப்படி முகத்தைச் சுளிக்க மாட்டான். அந்த முகத்துக்காகவே வெனிஸ் விழாவில் ஃபாஸ்பெண்டருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்திருக்கலாம். கொடுத்தார்கள்.

நல்ல படம். பெரிய படம். ஆனால் இதைப் பார்த்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இன்று முழுக்க அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு நடக்கப்போகிறேன்.

மனைவி எங்கே?

பிராண்டனுக்கு மனைவி கிடையாது. 2012-இல் வந்த 'தேங்க்ஸ் ஃபார் ஷேரிங்' படத்தில் மார்க் ரஃபலோ நடித்த ஆடமுக்கு மனைவி கிடையாது. 2013-இல் ஜோசப் கார்டன்-லெவிட் எழுதி இயக்கி நடித்த 'டான் ஜான்' படத்தின் ஜானுக்கும் கிடையாது. 2015-இல் இந்தியில் வந்த 'ஹன்ட்டர்' படத்தின் மந்தாருக்கு அப்போதுதான் பெண் பார்க்கிறார்கள். எல்லோரும் பிரம்மச்சாரிகள்! பிரம்மச்சரியம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடைப்பிடிக்கும் பிரம்மச்சாரிகள்.

ஏன் இப்படி? யோசித்துப் பாருங்கள். நாயகன் தனியாள் என்றால் அவன் செய்வது அவனோடு போயிற்று. நாமும் இருட்டில் உட்கார்ந்து அவனுக்காகப் பரிதாபப்படலாம். ஒரு மனைவியைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? நம் பரிதாபம் இடம் மாறிவிடும். பள்ளிக் கட்டணம் எங்கே போயிற்று, ராத்திரி பதினோரு மணிக்கு யார் போன், குளியலறையில் இவ்வளவு நேரம் என்ன வேலை, எனக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று அவள் கேட்க ஆரம்பித்துவிடுவாள். அவள் கேட்க ஆரம்பித்தால் படம் அவளுடையதாகிவிடும். அதனால்தான் கல்யாணத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் படம் எடுக்கிறார்கள்.

'ஷேம்' படத்துக்குள் கல்யாணம் ஒரே ஒரு உருவத்தில் வருகிறது. மோதிரமாக. தொடக்கத்தில் சுரங்க ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பிராண்டன் பார்க்கிறான். அவளும் பார்க்கிறாள். எழுந்து கம்பியைப் பிடிக்கும்போது விரலில் மோதிரம். பிறகு அவனுடைய மேலதிகாரி டேவிட், கல்யாணம் ஆனவன், பிராண்டனின் தங்கை சிஸியோடு பிராண்டன் வீட்டிலேயே இரவைக் கழிக்கிறான். அதற்காகத் தங்கையைத் திட்டும்போது பிராண்டன் என்ன கேட்கிறான் தெரியுமா? அவன் கையில் இருந்த மோதிரத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்கிறான்! யார் கேட்கிறான் பாருங்கள். இந்த டேவிட் நோயாளி கிடையாது, குழுவுக்குப் போக மாட்டான், யாரும் அவனைப் பற்றிப் படம் எடுக்கவும் மாட்டார்கள். நோய் என்ற பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் காத்திருப்பவளுக்கு இரவு ஒன்றுதான் என்று மெக்வீன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்.

அதே படத்தில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. உடன் வேலை செய்யும் மரியானை உணவகத்துக்கு அழைத்துப் போகிறான். சர்வர் வந்து வந்து பேச்சைக் கெடுக்கிறார். கல்யாணத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்கிறான். எவ்வளவு காலம் ஒருத்தியோடு இருந்திருக்கிறாய் என்று அவள் கேட்கிறாள். நான்கு மாதம். பிறகு ஒரு பகல் வேளையில் இருவரும் ஓட்டல் அறைக்குப் போகிறார்கள். அங்கே, வாழ்க்கையில் ஒருமுறையாவது பிடித்துப்போன பெண்ணிடம், அவனால் முடியவில்லை. முகம் தெரியாதவளிடம் முடிகிறது, பிடித்தவளிடம் முடியவில்லை. மரியான் உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அவளால் கிளம்ப முடிகிறது. அவள் மனைவியாக இருந்தால்? அந்த ஒரு பிற்பகலை அவள் பத்து வருஷம் வாழ்ந்திருப்பாள். ஒவ்வொரு இரவும் குறை தன்னிடம்தானோ என்று கண்ணாடி முன்னால் நின்றிருப்பாள்.

சரி, கல்யாணத்தை வெளியே வைக்காமல் உள்ளேயே கொண்டுவந்த படம் எது? நான் ஒன்றைத்தான் முதலில் சொல்வேன். 2002-இல் வந்த 'ஆட்டோ ஃபோகஸ்'. இயக்கியவர் பால் ஷ்ரேடர். 'டாக்ஸி டிரைவர்' எழுதிய அதே மனிதர். கண்டிப்பான கால்வினியக் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து, பதினேழு வயதுவரை ஒரு சினிமாகூடப் பார்க்காதவர். பாவத்தைப் பற்றிப் படம் எடுக்க இதைவிடத் தகுதி வேண்டுமா?

இது நிஜ மனிதர் ஒருவரின் கதை. பாப் கிரேன். 1965 முதல் 1971 வரை அமெரிக்க வீடுகளில் ஓடிய 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' தொலைக்காட்சித் தொடரின் நாயகன். 1978 ஜூன் மாதம் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரத்தில் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். நண்பர் ஜான் கார்ப்பென்டர் மீது பல ஆண்டுகள் கழித்து வழக்கு நடந்தது. 1994-இல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலையானார். படம் உண்மையை எவ்வளவு தொட்டிருக்கிறது என்பதில் கிரேனின் பிள்ளைகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே நான் பேசுவது படத்தில் வரும் கிரேனைப் பற்றி மட்டும்.

கிரெக் கின்னியர் நடித்த இந்தக் கிரேன் எப்படிப்பட்டவன்? ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவன். எப்போதும் சிரித்த முகம். குடிப்பதில்லை. நம் ஊரில் என்றால் "தங்கமான மாப்பிள்ளை" என்பார்கள். ஒருநாள் மனைவி ஆன் கார் ஷெட்டில் ஒளித்துவைத்த ஆபாசப் புத்தகங்களைக் கண்டெடுக்கிறாள். கேட்கிறாள். அவன் கோபப்படவில்லை, அழவில்லை. அதே சிரிப்பு. எனக்குப் புகைப்படக் கலையில் ஆர்வம் என்கிறான். ரீட்டா வில்சன் நடித்த அந்த ஆனின் முகத்தைக் கவனிக்க வேண்டும். அவள் கையில் சாட்சியம் இருக்கிறது, எதிரே கணவன் சிரித்துக்கொண்டிருக்கிறான். கையை நம்புவதா, சிரிப்பை நம்புவதா? கல்யாணம் உடைகிற இடம் எனக்கு அதுதான். படுக்கையறை அதற்கு ரொம்பத் தூரம்.

பிறகு கார்ப்பென்டர் வருகிறான். வில்லெம் டாஃபோ. அந்தக் காலத்தில் புதிதாக வந்த வீடியோ கருவிகளை விற்கிறவன். பெண்களைச் சேர்ப்பதும் படம் பிடிப்பதும் இருவருக்கும் தொழில்போல ஆகிவிடுகிறது. தாங்கள் எடுத்த டேப்பைப் போட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்து பார்க்கும் காட்சியில் மோகமே இல்லை. யார் வந்தாள், எந்த ஊர், எந்தக் கருவி என்று கணக்குப் பேசுகிறார்கள். முதல் பாதியில் பளபளவென்று ஆடாமல் நின்ற கேமரா, போகப் போக வண்ணம் வெளுத்து, கையில் பிடித்ததுபோல் நடுங்க ஆரம்பிக்கிறது. ஷ்ரேடர் பிரசங்கம் செய்யவில்லை. படத்தையே நோயில் படுக்க வைத்துவிட்டார்.

ஆன் விவாகரத்துக்குப் போகிறாள். இங்கே படம் முடிந்திருந்தால் நாம் எல்லோரும் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவோம்: பொய் சொன்னான், கல்யாணம் உடைந்தது. ஆனால் கிரேன் மறுபடி கல்யாணம் செய்துகொள்கிறான். உடன் நடித்த பட்ரீஷியாவை, அந்தத் தொடரின் அரங்கத்திலேயே. மரியா பெல்லோ நடித்த இந்த இரண்டாம் மனைவிக்கு அவன் யார், எப்படி என்று எல்லாம் தெரியும். தெரிந்தே சம்மதித்தவள். வெளியே என்ன செய்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டவள். இனி மறைக்க எதுவும் இல்லை. பொய்க்கு வேலை இல்லை. அந்தக் கல்யாணம் நிலைத்ததா?

அதுவும் உடைந்தது.

தெரியாதவளும் உடைந்தாள், தெரிந்தவளும் உடைந்தாள். அப்படியானால் உடைத்தது எது? பொய் மட்டும்தான் என்று இனிமேல் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றுவது இது: அவன் அங்கே இல்லை. வீட்டில் இருக்கும்போதும் இல்லை. அடுத்த ஊர், அடுத்த மேடை நாடகம், அடுத்த டேப், அடுத்த பெண். மகன் பிறந்த பிறகும் இல்லை. மனைவிக்கு வேண்டியது அவனுடைய ஒழுக்கச் சான்றிதழா? ஒரு சாயங்காலம். ஒரு முழு சாயங்காலம் அவன் அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத்தான் அவனால் கொடுக்க முடியவில்லை.

"உண்மையைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடுமே" என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு படம் இருக்கிறது. 2005-இல் வந்த 'ஐ ஆம் எ செக்ஸ் அடிக்ட்'. காவே ஜஹேதி என்பவர் தன் சொந்தக் கதையைத் தானே நடித்து எடுத்தது. மாப்பிள்ளை உடையில் நின்றுகொண்டு, மூன்றாவது கல்யாணத்துக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், கேமராவைப் பார்த்துப் பழைய கதையைச் சொல்கிறார். பாரிஸ் போக வசதி இல்லாததால் சான் ஃபிரான்சிஸ்கோ தெருவையே பாரிஸ் என்று காட்டுகிறோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். அவ்வளவு நேர்மை! பாலியல் தொழிலாளிகளிடம் போக வேண்டும் என்ற ஆசை வந்ததையும் மனைவியிடம் சொல்கிறார். போனதையும் சொல்கிறார். அவள் அழுதால், "உண்மையைத்தானே சொன்னேன்" என்று ஆச்சரியப்படுகிறார். நான் இந்தப் படத்தில் நிறையச் சிரித்தேன். சிரித்த கையோடு எரிச்சலும் வந்தது. தன் மனத்திலிருந்த பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, இவர் லேசாக நடந்து போகிறார். பாவமன்னிப்புக் கொடுக்கிற வேலையையும் மனைவியே பார்க்க வேண்டுமா?

இப்போது ஒரு கதவு திறக்கிறது. 2013-இல் வந்த லார்ஸ் வான் டிரையரின் 'நிம்ஃபோமேனியாக்'. இரண்டு பாகம், நீளமான படம், சில இடங்களில் பொறுமையைச் சோதிக்கிற படம். ஜோ என்ற பெண்ணின் கதை. அவளுடைய பல ஆண்களில் ஒருவன், எச் என்ற ஒற்றை எழுத்துப் பெயர்க்காரன், குடும்பத்தை விட்டுவிட்டுப் பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அவள் அவனைக் கூப்பிடவே இல்லை! பின்னாலேயே அவன் மனைவி வருகிறாள். கையோடு மூன்று சிறுவர்கள்.

ஊமா தர்மன் அந்த மனைவி. அவள் உடனே கத்தவில்லை. விருந்துக்கு வந்தவள்போல மிக மரியாதையாகப் பேசுகிறாள். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டிலைக் காட்டலாமா என்று அனுமதி கேட்கிறாள். காட்டுகிறாள். உங்கள் அப்பா எதற்காக நம்மை விட்டார் என்று பாருங்கள், நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் தேவைப்படும் என்கிற பாவனையில். நடுவில் இன்னொரு ஆண் பூங்கொத்தோடு உள்ளே வருகிறான். அரங்கில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிப்பு பாதியிலேயே தொண்டையில் நிற்கும், ஏனென்றால் அந்தப் பையன்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். கடைசியில்தான் அவள் அலறுகிறாள். படத்தில் ஊமா தர்மன் வருவது சில நிமிடங்கள். பார்த்தவர்கள் மறக்காத இடம் அதுதான். மனைவி வாசலுக்கு வந்து நின்றால் படம் அவளுடையதாகிவிடும் என்றேனே, அதற்குச் சாட்சி.

அதே படத்தில் ஜோ பிறகு ஜெரோம் என்பவனோடு குடித்தனம் நடத்துகிறாள். ஒரு குழந்தையும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு வெளியே கிளம்புகிறாள். வீடு திரும்பிய ஜெரோம், குழந்தை பால்கனிப் பக்கம் போயிருப்பதைப் பார்க்கிறான். இன்னொரு முறை போனால் எங்களை நீ பார்க்க முடியாது என்கிறான். அவள் போகிறாள்.

பெண் அடிமையாக இருக்கும்போது சினிமா ஒரு வேலை செய்கிறது, கவனித்திருக்கிறீர்களா? காரணம் தேடுகிறது. 2014-இல் வந்த 'அடிக்டட்' படத்தில் சோயி என்ற பெண்ணுக்கு நல்ல கணவன், பிள்ளைகள், தொழில் எல்லாம் இருக்கிறது. வெளியே வேறு ஆண்கள். கடைசியில் மருத்துவரின் அறையில் சிறுவயதுக் கொடுமை ஒன்று வெளிவருகிறது. உடனே கணவனும் மன்னிக்கலாம், பார்வையாளரும் மன்னிக்கலாம். ஆணுக்கு இந்தக் காரணம் தேவைப்படுவதில்லை. பிராண்டனின் பால்யத்தை 'ஷேம்' ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஆணின் பசி இயற்கை, பெண்ணின் பசிக்கு மட்டும் மருத்துவச் சீட்டு! இந்த ஓரவஞ்சனையை உடைத்ததற்காகவாவது வான் டிரையருக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். ஜோ குழு சிகிச்சையில் எழுந்து நின்று, எனக்கு நீங்கள் வைத்த பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள்.

குழு என்றதும் 'தேங்க்ஸ் ஃபார் ஷேரிங்' பக்கம் ஒருமுறை போய்வருவோம். ஐந்து வருஷம் கட்டுப்பாடாக இருந்த ஆடம், வெளியூர் ஓட்டலில் தங்கினால் அறையிலிருந்து டிவியை எடுத்துவிடச் சொல்கிறான். நல்ல நுணுக்கம். குழுவின் மூத்தவர் மைக், டிம் ராபின்ஸ். ஊரில் உள்ளவருக்கெல்லாம் வழிகாட்டி. வீட்டில் சொந்த மகனைத் திருடன் என்று சந்தேகப்படுகிறார். பக்கத்தில் மனைவி கேட்டி இருக்கிறாள். மைக்கின் குடியையும் மற்றதையும் தாங்கி, இத்தனை வருஷம் உடன் இருந்தவள். எல்லா ஆண்களும் வட்டமாக நாற்காலி போட்டு மனம் திறந்து பேசுகிறார்கள். பதக்கம் வாங்குகிறார்கள். கைதட்டல் கேட்கிறது. கேட்டிக்கு யார் பதக்கம் கொடுத்தார்கள்? மனைவிமார்களும் கணவன்மார்களும் தங்களுக்குள் கூடிப் பேசும் குழுக்கள் அமெரிக்காவில் நிஜமாகவே உண்டு, எஸ்-அனான் என்று பெயர். அந்த அறைக்குள் இந்தப் படம் எட்டிப் பார்க்கவில்லை.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1954-க்குப் போகலாம். 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் தங்கராசு எழுத்து, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், எம்.ஆர். ராதா நடிப்பு. நாயகன் மோகனசுந்தரத்தின் காமத்தை அந்தப் படம் மனநோய் என்று சொல்லவில்லை. திமிர் என்றுதான் சொன்னது. தாசி காந்தாவின் வீடே கதியென்று கிடந்தவனுக்குத் தண்டனையாகத் தொழுநோயைக் கொடுத்தது. இன்று பார்த்தால் அது தொழுநோயாளிகளுக்குச் செய்த பெரிய அநியாயம், மறுக்க மாட்டேன். ராதாவின் குரலில் மயங்கி நாம் அதைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

ஆனால் அந்தப் படம் ஒன்றை விடவில்லை. அவன் மனைவி சந்திரா என்ன ஆவாள்? இப்படி ஒருவனுக்கு வாக்கப்பட்டவள் காலம் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? கணவன் உயிரோடு இருக்கும்போதே, அந்தக் கணவன் வாயாலேயே, அவளை நண்பன் பாலுவுக்குக் கட்டிவைக்கச் சொல்கிறது படம். 1954-இல்! அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பது என் குறை. இருந்தாலும் கேள்வியைக் கேட்டார்கள், ஒரு பதிலும் சொன்னார்கள். மூன்று பையன்களோடு படியிறங்கிப் போன திருமதி எச் எங்கே போனாள்? வான் டிரையருக்குத் தெரியாது. விவாகரத்துக்குப் பிறகு ஆன் என்ன செய்தாள்? ஷ்ரேடர் காட்டவில்லை. டேவிட்டின் மனைவிக்கு மெக்வீன் ஒரு முகம்கூடக் கொடுக்கவில்லை.

இந்த மண்டபம் எட்டரை மணிவரை நம்மிடம் இருக்கிறது. கேள்விகளுக்கு நேரம் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள், முதல் கேள்வியைத் தாய்மார்களில் ஒருவர் கேட்க வேண்டும்.